வரவேற்பறையில் இம்பாலா

லேக் சார்ல்ஸ் முழுக்க ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்க
அல்சீட் எங்கள் கொல்லைப்புறக் கண்ணாடிக் கதவை
நிலையோடு பெயர்த்துக்கொண்டிருந்தான்.
"தகரக் கொட்டகையை நம்ப முடியாது" என்றான்.
"வீடு தாங்கும்."

சோபா வெளியே போனது, நனைந்தால் நனையட்டும் என்று.
உள்ளே வந்தது
அறுபத்து நாலாம் வருட இம்பாலா, தந்த நிறம்,
இரண்டு பலகைமேல் அங்குலம் அங்குலமாக,
மணப்பெண்ணை அழைத்து வருவதுபோல்.
என்னை அப்படி யாரும் அழைத்து வரவில்லை.
ஓட்டை பிக்கப்பில் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தவள் நான்.

கதவிருந்த இடத்தில் ஒட்டுப்பலகை, நாற்பது திருகாணி.
காருக்குப் போர்வை. என் போர்வை.

இரவு இரண்டு மணிக்குப் படுக்கையறைக் கூரை
டப்பா மூடி மாதிரி போனது.
போர்வையை உருவிவிட்டுக் காருக்குள் ஏறினோம்.
முப்பது வருடத்தில் முதல்முறையாக
செருப்பைத் தட்டிவிட்டு ஏறு என்று அவன் சொல்லவில்லை.
மேலே பலகை பிளந்து மழை கொட்டவும்
அவன் கை தன்னால் சாவியைத் திருகி
வைப்பரைப் போட்டது.
இடம் வலம், இடம் வலம்.
டிவி தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவனுக்கு வரவில்லை.

விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தோம்.
கொட்டகை நின்றது,
ஒரு தகரம் நெளியாமல்.
சோபா அதற்குள் போய் ஒதுங்கியிருந்தது.

இன்றோடு பன்னிரண்டு நாள், பின்சீட்டில்தான் தூக்கம்.
மத்தி மீன் டப்பாவை மடியில் வைத்துத் திறக்கிறேன்.
எண்ணெய் சொட்டுகிறது, தந்த நிறத் தோல் இருக்கையில்.
அவன் பார்க்கிறான்.
பார்த்துவிட்டுத்
தன் பிஸ்கட்டை நீட்டுகிறான்,
அதன்மேலும் ஒரு மீன் வை என்று.