கோளாறு எதுவும் காணப்படவில்லை

முதலில் என் பக்கத்துத் திரை போனது.
பிறகு நடுவில் இருந்தவை.
சைக்கியாவின் பக்கம் மட்டும்
கொஞ்சம் யோசித்தது, வெளிறியது,
அதுவும் போனது.

ஆனி மாதம். மேகத்துக்குள் இருக்கிறோம்.
கோவில்பட்டி தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம்.
பின்னால் அறுபத்தொரு பேர்,
பாதிப் பேர் தூக்கத்தில்.
இரண்டு இயந்திரமும் அரிசி ஆலைபோல
ஒரே சுருதியில் இரைந்தன.
பறப்பதில் விமானத்துக்கு ஒரு குறையும் இல்லை.
எங்கே பறக்கிறோம் என்று சொல்லத்தான்
அதற்கு மனமில்லை.

மிச்சமிருந்தது
உள்ளங்கை அகலத்தில் ஒரு மாற்றுக் கருவி,
கண்ணாடிக்கு நடுவே
எண்ணெயில் மிதக்கும் திசைமானி.
திரும்பினால் பொய் சொல்லும்,
நேரே போனால் உண்மை பேசும்.
அதனால் நேரே போனோம்.

"ஓட்டுவது நான். புத்தகம் உன்னிடம்."
சைக்கியா வாசித்தான்.
குரல் நடுங்கவில்லை, பக்கம் திருப்பும் விரல்தான்.
ஒவ்வொரு பொத்தானுக்கும் பேர் சொல்லி,
நான் ஆம் என்ற பிறகே அழுத்தினான்.
அவசரத்தில் நல்லதை அணைத்தவர்களின் கதை
பயிற்சியில் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

ரேடியோ இரண்டும் ஊமை.
ஆனாலும் சொல்ல வேண்டும் என்பது விதி.
யாருக்குக் கேட்கிறது என்று தெரியாமல்
உயரம், வேகம், போகும் இடம் எல்லாம்
மேகத்திடம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன்.

கயத்தாறில் மேகம் கிழிந்தது.
கீழே காற்றாலைகள்.
நூறோ இருநூறோ, அத்தனையும்
மேற்கே முகம் வைத்து, ஒரே காரியமாய்.
"காற்று மேற்கு. பலமாக,"
கருவியில் வாசித்ததுபோலச் சொன்னான் சைக்கியா.
ஜோர்ஹாட்டுக்காரன். இந்த ஊரில்
விமான நிலையத்து வடை தவிர
வேறெதுவும் தெரியாதவன்.

நான் உவரிக்காரி.
எங்கள் கடலில் கணியம் பார்ப்பார்கள்,
கோயில் கோபுரமும் குன்றும் ஒரு கோட்டில் வந்தால்
வலை விடும் இடம் அது.
எனக்கு இன்று ஒரு கோடு வேண்டும்.
நெல்லைக்கு ஓடும் நாலுவழிச் சாலையை
வலப்பக்கம் விட்டேன்.
அப்புறம் வல்லநாட்டு மலை, தனியாக,
யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன சுமைபோல.
அதற்குத் தெற்கே ஆறு மினுங்கியது, மறைந்தது.
மலைக்குக் கிழக்கே, தூரத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.
இரண்டுக்கும் நடுவே ஓடுபாதை இருந்தாக வேண்டும்.

இருந்தது.

கோபுரத்துக்கு மேலே இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டு
கடலை நோக்கிப் போனோம்.
புகை கிழக்கே படுத்துக் கிடந்தது.
உப்பளங்கள் ஒவ்வொரு கட்டமாய்
எங்களை எண்ணிக்கொண்டிருந்தன.
பிறகு மேற்கே திரும்பினால்
ஐந்தே முக்கால் மணிச் சூரியன், நேர் முகத்தில்.
ஓடுபாதை போயிற்று. கோபுரம் போயிற்று.
கையை நெற்றியில் வைத்துத் தேடினேன்,
பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆள் மாதிரி.

"பச்சை," என்றான் சைக்கியா.
"எங்கே?"
"இடது. பச்சை. அணையவில்லை. இறங்கலாம்."
அவன் கண்ணை நம்பி இறங்கினேன்.

கோபுரத்தில் இருந்தவர் ஞானதுரை.
பிறகு வந்து சொன்னார்,
ஆறு வருஷத்தில் அந்த விளக்கை
நிஜத்துக்கு எடுத்தது இதுதான் முதல் தடவையாம்.
தூசி தும்மல் இன்னும் நிற்கவில்லை அவருக்கு.

படியில் ஒருத்தர், கையில் இரண்டு பை:
"கடலெல்லாம் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வந்திருக்கிய.
ஏரலுக்குக் கடைசி வண்டிய விட்டுட்டு நிக்கேன்."
மன்னிப்புக் கேட்டேன்.
மனசாரத்தான் கேட்டேன்.

பொறியாளர் செல்வக்கனி மின்சாரம் கொடுத்தார்.
எல்லாத் திரையும் எரிந்தன.
மலை, ஆறு, ஓடுபாதை, நாங்கள் நிற்கும் இடம்,
அடிப்பிசகாமல்.
"எல்லாம் சரியாத்தானே இருக்கு, மேடம்.
கோளாறு எதுவும் காணப்படலன்னு எழுதிரவா?"

எழுதினார். நோட்டை நீட்டினார்.
சூரியனைப் பார்த்த கண்ணில் இன்னும் ஒரு கரும்புள்ளி,
சரியாகக் கையெழுத்துப் போடுகிற இடத்தில்.
அது நகரட்டும் என்று
பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன்.