நடு நாற்காலி

குவோப்பியோ. தீயணைப்பு நிலையத்தின் மாடி.
கீழே வண்டிகள் இரண்டு, மேலே நாங்கள் ஐவர்,
படிக்கட்டில் எப்போதும் ஈரக் காலுறை வாசனை.
ஏரி உறைந்த மறுவாரம்.
தலைக்கவசங்கள் மாட்டிய சுவரின் கீழே
அரைவட்டமாய் நாற்காலிகள்.

புல்லாங்குழல் தூரே இடக்கோடியில்,
கிளாரினெட் ஸெய்யா வலக்கோடியில்,
ஓபோ ராய்யாவுக்கும் பஸூன் இல்போவுக்கும் நடுவில்
என் பித்தளைக் கொம்பும் நானும்.
மரங்களுக்கிடையே ஒரு தகரம் என்று
முன்பெல்லாம் கேலி செய்வார்கள்
(தூரேயின் வெள்ளிக்குழல்கூட மரச்சாதியாம்).
மார்ச்சில் விவாகரத்து ஆனது.
அதன்பின் இந்த நாற்காலியை யாரும் கேலி செய்வதில்லை.

"அவளிடம் சொல், எட்டாம் அடியில் ஓடுகிறாள்"
என்பான் இல்போ, என்னிடம்.
"அவனிடம் சொல், சுருதி தாழ்கிறான், எப்போதும்"
என்பாள் ராய்யா, அவளும் என்னிடம்.
நான் தலையாட்டுவேன், இரண்டு பக்கமும்.

கைவீசித் தாளம் காட்ட ஆள் கிடையாது எங்களுக்கு.
தொடங்குவது ஒரு மூச்சில்தான்.
ராய்யா மூக்கால் இழுப்பாள்,
ஐந்து மார்பும் சேர்ந்து விரியும்.
பேச்சு நின்றுபோன இருவர்
வாரம் இருமுறை, ஒரே நொடியில்,
ஒரே அறையின் காற்றை உள்ளே இழுக்கும் ஓசை
என் இரு காதுகளிலும்.

ஓபோவின் வாய் ஊசிக்காது.
உள்ளே போன காற்று செலவாகாது;
புதிதாய் இழுக்குமுன் பழையதைக் கொட்டியாக வேண்டும்.
பஸூனுக்கோ எவ்வளவு ஊதியும் பற்றாது.
பதினாறு வருடம் ஒரே சமையலறை மேசையில்
நாணல் சீவி நூல் சுற்றியவர்களுக்கு
இது தெரியாதா என்ன.

நேற்று, மெதுவான பகுதியில்,
ராய்யாவின் சீவாளி நுனியில் பிளந்தது.
வறண்ட குளிர். அடுத்ததும் பிளந்தது.
மூன்றாவது வாத்துப்போல் கத்தியது.
தூரே சிரிக்கப்போய் அதை இருமலாக்கினான்.

இல்போ தன் பெட்டிக்குள் அடிவரை துழாவி
துருவேறிய மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்தான்.
என் மடிக்கு மேலாக நீண்டது கை.
உள்ளே, சிவப்பு நூல் சுற்றிய ஓபோ சீவாளி,
அவள் கட்டு, அவள் முடிச்சு.

ராய்யா அதை நாக்கில் வைத்து நனைத்தாள்.
நெடுநேரம் நனைத்தாள்.
பிறகு சுருதி கொடுத்தாள்.
மயிரிழை அளவு தாழ்ந்திருந்தது.
"பழசு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
"இருக்கட்டும்" என்றான் அவன்.

ஸெய்யா கிளாரினெட்டின் கழுத்தைச் சற்று விலக்கினாள்.
தூரே குழல்தலையை இழுத்தான்.
நான் என் குழாயை நகக்கண் அளவு வெளியே தள்ளினேன்.
இல்போ எதையும் தொடவில்லை.
அவனுடையது முன்பே அங்கேதான் இருந்தது.

ராய்யா மூக்கால் இழுத்தாள்.
நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது,
மூச்சு பிந்தி, முதல் சுரத்திலேயே
கொம்பு வழுக்கியது, அசிங்கமாக.
"மறுபடியும்" என்றாள் ஸெய்யா.
தண்ணீரைத் தரையில் உதறிவிட்டு
உதட்டில் வைத்தேன்.