இரண்டு தடவை வந்த அரை மணி

பன்னிரண்டு முப்பதுக்கு
காசல் வீதி ஆஸ்பத்திரியில்
நர்ஸ் சோமலதா கதிரைமேல் ஏறி
சுவர் மணிக்கூட்டின் பெரிய முள்ளை
ஒற்றை விரலால் பின்னுக்குத் தள்ளினாள்.
திரும்பவும் பன்னிரண்டு.
அரசாங்கம் அரை மணித்தியாலம்
திருப்பித் தந்திருக்கு என்று
சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள்.
என் வலி பின்னுக்குப் போகவில்லை.

அந்த வைகாசியில்தான் ஒரு மணித்தியாலத்தை
முன்னுக்கு இழுத்திருந்தார்கள்.
நீர்த்தேக்கங்கள் வறண்டு கரண்ட் இல்லை;
சூரியனைக் கொஞ்சம் ஏய்க்கலாம் என்று
யாரோ கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.
வன்னியில் அக்கா வீட்டில் மட்டும் பழைய நேரம்.
தாண்டிக்குளம் தாண்டினால்
கடிதத்துக்கும் வயது குறையும் என்று
இவர் பகிடி விடுவார்.

குறிப்பில் எழுதியிருந்தது: 12.17.
எந்தப் பன்னிரண்டு பதினேழு?
ஊசி போட்டிருந்தார்கள், எனக்கு மயக்கம்.
முள் பின்னுக்குப் போனபோது
அவள் என் வயிற்றிலா, வயிற்றின் மேலா?
விடியமுன் சோமலதாவின் முறை முடிந்துவிட்டது.

அன்றைக்கு ஐப்பசிப் பறுவம்.
கொச்சிக்கடையில் ஐயனுக்கு
அன்னம் சாத்தியிருப்பார்கள்.
எங்களுக்குத் துடக்கு.
ஜன்னலுக்கு வெளியே
வடித்துக் கொட்டிய சோறுபோல நிலவு.

முப்பத்தோராம் நாள் கழிய
ஜிந்துப்பிட்டிச் சாத்திரி சபாலிங்கம்
இரண்டு கட்டம் போட்டார்.
முந்தியது என்றால் மிதுன லக்கினம்,
பிந்தியது என்றால் கடகம்.
ரேவதி மட்டும் இரண்டிலும் ரேவதி.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
இதை அரசாங்கத்திட்டக் கேள் பிள்ளை என்றார்.

பிரம்மாவின் ஒரு பகல்
எங்களுக்கு நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷமாம்.
அதில் ஓர் அரை மணி
கூடினால் என்ன, குறைந்தால் என்ன.
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது.
பிள்ளை பசியில் அழும்போது
அந்தக் கோடி ஒன்றுக்கும் உதவாது.

முகத்துவாரம் காளியிடம் போனோம்.
வழியில் இரண்டு இடத்தில் இறக்கி
அடையாள அட்டை பார்த்தார்கள்.
வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்கள் என்று
ஒரு பொடியன் கேட்டான்.
நான் வாய் திறக்கவில்லை.

எல்லாவற்றையும் காலம் தின்கிறது.
அந்தக் காலத்தை அவள் தின்கிறாள்.
தின்ற பகல்கள், தின்ற இரவுகள்,
யார் யாரோ உயிர்விட்ட மத்தியானங்கள்
எல்லாம் உள்ளே போய்ப் போய்த்தான் இந்தக் கறுப்பு.
இன்னும் உருசி அடங்காமல்
வெளியே நிற்கிறது நாக்கு.
தேசிக்காய் மாலையோடு எனக்கு முன்னால்
வரிசையில் நின்றாள் சோமலதா.
என்னை அவளுக்கு நினைவில்லை.
நானும் கேட்கவில்லை.

விழுங்கியதை அவள் திருப்பித் தருவதில்லை என்பார்கள்.
எனக்கு வேறொன்று தோன்றியது:
பல் முளைக்காத பிள்ளைக்குத்
தாய் தன் வாயில் சோற்றை மென்று
விரலில் எடுத்து ஊட்டுவதுபோல
அந்த இரவில் ஒரு கவளம்,
அரை மணி அளவு,
ஈரமாய், இன்னும் சூடாய்.
அதில்தான் இவள் வந்தாள்.

நித்தியகலா என்று வைத்தோம்.
தேயாத கலை என்று
இவர் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்.

அக்கா போன செய்தி பதினெட்டு நாள் பிந்தி வந்தது.
காலை பத்தே கால் என்றிருந்தது, பழைய நேரம்.
அரை மணி கூட்டிப் பார்த்தேன்.
சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பேன்.
இரண்டாயிரத்து ஆறு சித்திரையில்
மிச்ச அரை மணியையும் திருப்பினார்கள்.
நாடு முழுக்க ஒரே நேரம் என்றது ரேடியோ.

இப்போது தரகர் போனில்.
பிள்ளை பிறந்த நேரம்?
பன்னிரண்டு பதினேழு என்கிறேன்.
இரவுதானே என்று கேட்கிறார்.
இரவுதான்.
வேறெதுவும் அவர் கேட்கவில்லை.