ஒரு முன் கியர், நான்கு பின் கியர்

ஜெனேசியோவின் இரும்புக் கிடங்கில்
மழை விட்ட மறுநாள்தான் பேரம் படியும்.
முதலில் நாய்க்கு ரொட்டி, பிறகுதான் அவருக்கு வணக்கம்.
வெள்ளத்தில் மூழ்கியெழுந்த ஒரு ஃபுஸ்கா.
இருக்கைக்கடியில் சேறும் சோளத்தட்டையும்
இன்னும் காயவில்லை.
"சும்மாவே எடுத்துக்கிட்டுப் போ, இவோனெச்சி."

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
நான் பார்த்தேன். என் தொழில் அது.
லாஜெஸ் ஊரில் பாதிப் பேர் மெல்லுவது
நான் செய்துகொடுத்த பற்களால்.

அன்றிரவே கியர்பாக்ஸைத் திறந்தோம்.
கிரௌன் சக்கரத்துக்கு முப்பத்தைந்து பல்,
ஒன்றுகூடச் சொத்தையில்லை.
மண்ணெண்ணெயில் ஊறவைத்து
பழைய பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து
எடுத்த பக்கத்திலேயே திருப்பி வைத்தேன்,
அவ்வளவு அக்கறையாக.
அந்த அக்கறை பின்னால் வேலையைக் காட்டியது.

ஜுராந்திர் பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன்.
நாங்கள் பிரிந்து ஆறு வருடம்.
வீடு, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் எழுதிய வக்கீல்
கராஜை மட்டும் மறந்துபோனார்.
அதனால் சனிக்கிழமைதோறும் அவன் வருவான்,
மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

அவன் வைத்திருந்த புத்தகம் வேறு நாட்டுக்காரன் எழுதியது.
அது கேட்கிற கார் ஒன்றுகூட
எங்கள் மலைமேல் ஏறியதில்லை.
"இல்லாததுக்கு எங்க போறது" என்று
ஓரத்தில் பென்சிலால் திருத்திக்கொண்டே போனான்.
ஸ்டியரிங், ஒரு ஷெவெட்டினுடையது.
எஞ்ஜின், எருமையில் மோதிய சான்டானா கொடுத்தது,
எரிசாராயம் குடிப்பது.
குழாய்களை அவன் வெட்டினான், நான் பற்றவைத்தேன்.
எஞ்ஜினை நடுவில் வைக்கவேண்டும் என்று
இரண்டு பேருமே பிடிவாதமாயிருந்தோம்.
வேறெதிலும் நாங்கள் ஒத்துப்போனதாக நினைவில்லை.

உடம்பு வார்ப்பது என் பாடு.
பிளாஸ்டர் அச்சு, ஃபைபர், ரெசின்:
பெரிய வாய்க்குப் பெரிய பல்செட், அவ்வளவுதான்.
ஆனால் அது ஜூன் மாதம்.
விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை.
ரெசின் மூன்று நாள் தேன்பாகாய்க் கிடந்தது,
இறுகுவேனா என்று.
ஹேர் டிரையர் இரண்டும்
கோழிக்குஞ்சுக்கு வைக்கிற விளக்கொன்றும் கடன் வாங்கி
இரவெல்லாம் சூடு காட்டினேன்.
"முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றான்.
"உன் மூக்கைத்தான் அளவெடுத்தேன்."

ஞாயிறு, பூசை முடிந்த நேரம்.
தெருவே மதிலேறி நிற்கிறது.
ஜுராந்திர் உள்ளே. சாவி. உறுமல்.
முதல் கியர். கிளட்சை விடுகிறான்.
கார் பின்னால் பாய்ந்து
சுல்மீராவின் துவைக்கும் தொட்டியை உடைக்கிறது.
இரண்டாவது கியர், இன்னும் வேகமாகப் பின்னால்.
மூன்றும் நான்கும் போடவேண்டியதில்லை.
அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.
ரிவர்ஸைப் போட்டான்.
மாப்பிள்ளை ஊர்வலம்போல
மெல்ல முன்னே வந்தது.

எனக்குத்தான் முதலில் உறைத்தது.
எஞ்ஜினை நடுவுக்குக் கொண்டுவர
கியர்பாக்ஸைத் திருப்பினோமே,
உள்ளிருக்கும் கிரௌனைப் பக்கம் மாற்றினோமா?
வலது கடைவாய்க்குச் செய்ததை
இடதில் பொருத்தி அனுப்பியிருக்கிறேன்.

சேர்ந்திருந்த காலமென்றால்
இதற்கு ஒரு வாரம் பேசியிருக்கமாட்டோம்.
"ஏறு" என்றான்.
"பங்க் வரைக்கும் போய்ட்டு வரலாம்."
ரிவர்ஸ் கியரில், முன்னோக்கி,
எஞ்ஜின் தொண்டை கிழியக் கத்த
நடக்கிற பையன்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.
ஒருவன் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டு
மறுபடி தாண்டினான்.

பங்கில் வால்மோர் ஒரு சுற்று வந்தான்.
"இந்த விளக்கு கோம்பியோடது.
கைப்பிடி, இரு, யூனோ.
இது ஷெவெட், எங்க மாமாகிட்ட இருந்துச்சு."
குனிந்து அடியிலும் பார்த்தான்.
"சரி. மொத்தமா இது என்ன வண்டி?"

நான் ஜுராந்திரைப் பார்த்தேன்.
அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஃபுல்லா?" என்றான் வால்மோர்.

"ஃபுல்."