ஓடையூர் கூட்ரோடு: மதிப்பீட்டுக் குறிப்பு

காலை ஆறு முதல் எட்டு வரை
தலைகளை எண்ணுவது என் வேலை.
தலைக்கவசம் இருந்தால் ஒரு கோடு.
இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தில் ஒரு கோடு.
ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும்.
பாடை கட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றேன்.
எண்ணும்போது பேசாதே என்றான் தரணேந்திரன்.

ஆம்பூர்ப் பக்கம் போகும் ஷூ கம்பெனி பஸ்கள்,
ஜன்னலில் ஈரம் காயாத பின்னல்கள்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி மூட்டையோடு ஒரு டிவிஎஸ்,
மூட்டைமேல் ஒரு பையன்.
படிவத்தில் ஓட்டுநர் உண்டு, பின்னிருக்கை உண்டு.
மூட்டைமேல் இருப்பவனுக்குக் கட்டம் இல்லை.

போலீஸ் தடுப்புக்கு முன்னால்
நூற்றுக்கு எண்பத்தொன்பது.
டீ குடிக்கிற சாக்கில் ஒருநாள்
முந்நூறு மீட்டர் தள்ளிப் பஞ்சர் கடையருகே எண்ணினேன்.
முப்பத்தொன்று.
மீதி எல்லாம் சந்தைக்குப் போகும் தூக்குவாளியாய்
கைப்பிடியில் ஆடின.
அந்தத் தாள் என் பையில் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.

திட்டம் என்றால்:
ஒளிரும் குமிழ்கள், வேகத்தடை, ஒரு பெரிய போர்டு,
சாலை நடுவே இருந்த இடைவெளிக்குக் கான்கிரீட்.
ஒரு வாரம் எமன் வேஷத்தில் கமலநாதன்
லாரிக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்.
வீடு திரும்பும்போது அவரே ஹெல்மெட் போடவில்லை.
கிரீடத்துக்கு மேலே ஏறவில்லையாம்.

இலக்கு, சாவு பாதியாக வேண்டும்.
முந்தைய வருஷம் பன்னிரண்டு.
இந்த வருஷம் ஐந்து.
வேலூர்க் கூட்டத்தில் அந்த வரிக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள்,
முந்திரி பிஸ்கட் தந்தார்கள்.

ஏட்டு கஜபதிதான் பதிவேட்டை மூடிவிட்டுச் சொன்னார்:
"நீங்க வழிய மூடினீங்க.
ஜனம் கிழக்கால நடந்துச்சு,
மோட்டார் கொட்டாய்கிட்ட கம்பிய வளைச்சு வழி பண்ணிக்கிச்சு.
அந்தக் கல்லுக்கு அப்பால எங்க லிமிட் இல்ல சார்."

பக்கத்து ஸ்டேஷன் பதிவேட்டில்
முன்பு ஒன்று, இப்போது ஆறு.
ஐந்தையும் ஆறையும் கூட்டுகிற தாள்
எந்த மேஜையிலும் இல்லை.

வளைத்த கம்பி வழியே வந்தவர்தான் பொன்னுரங்கம்.
முப்பது நாளுக்குள் செத்தால் விபத்துச் சாவு.
அவர் முப்பத்தோராம் நாள் விடிகாலையில் போனார்.
படுகாயம் என்று இருக்கிறது.

அவர் மனைவி குப்பாபாய் கேட்டாள்:
"அப்ப உங்க தாளுல அவரு இன்னும் உசுரோட இருக்காரா?"
ஆமாம் என்றேன்.
காட்டு என்றாள்.
காட்டினேன்: படுகாயம், ஏழு.
விரலை அதன் கீழே வைத்து
இதுல எது என்றாள்.

சரி, நியாயமாகவே கூட்டுவோம்.
அன்று பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று.
இன்று ஐந்தும் ஆறும், பொன்னுரங்கமும், பன்னிரண்டு.
(அன்றைய முப்பத்தோராம் நாட்கள் எத்தனையோ.
அந்தப் பதிவேடு மழையில் ஒட்டிப்போயிற்று.)
அத்தனை சிமெண்டும் அத்தனை நோட்டீசும்
காப்பாற்றியது ஒருவரை.
இருக்கலாம். அதுவும் நிச்சயமில்லை.

ஆனால் யார் அந்த ஒருவர்?
சாகாதது அவருக்கே தெரியாது.
இன்று காலையும் இந்த வழியாகத்தான் போயிருப்பார்,
எனக்கு ஒரு கோடாக.

அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
கத்திரிக்காய் மூட்டை வருகிறது.
தாளின் ஓரத்தில், பென்சிலால்,
ஒரு கட்டம் வரைகிறேன்.