முந்திரிப் பங்கு

ஆலங்குளம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
வேப்பங்கொட்டை மிதிபட்ட மணம்.
மைதீன்பிச்சை பத்திரம் வாசிக்கிறார், மூச்சு விடாமல்:
மேற்படி கிணற்றிலும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரிலும்
குழல்வாய்மொழிக்கு முந்திரிப் பங்கு மாத்திரம்.
நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து,
"முந்நூத்தி இருவதுல ஒண்ணு டீச்சர்."

"ஒரு நாளைக்கு நாலரை நிமிஷம்லா வருது"
என்றான் சொள்ளமுத்து அண்ணன், போனிலிருந்து தலை எடுக்காமல்.
"நீ என்ன, வெள்ளாமையா பண்ணப்போற?"

நான் பண்ணுவதும் பாகப்பிரிவினைதான்.
நாலை ஐந்து விதமாய்ப் பிரிக்கலாம்;
நூறை, பத்தொன்பது கோடிக்கு மேல்.
அத்தனை எண்ணையும் வரிசையாய்ச் சுமக்கும் ஒரு சார்பு உண்டு,
வட்டத்துக்குள் இருக்கும்வரை சாது.
விளிம்பை நெருங்கினால்
ஒரு பின்னம் விடாமல் பொங்கும்.
முழுசின் பக்கத்தில் அடுக்கு ஏறும் வேகம் ஒன்று என்றால்
அரையின் பக்கத்தில் அது கால்,
காலின் பக்கத்தில் மாகாணி.
முந்திரியின் பக்கத்தில் கீழ்முந்திரி,
லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று.
இந்தப் பேர்களை வைத்துவிட்டுப் போனவர்களுக்கு
என் சார்பைத் தெரியாது.
சட்டை மட்டும் அளவெடுத்ததுபோல் தைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் பொங்கும்.
இன்னும் நெருங்கு, இன்னும் ஒரு மயிரிழை,
கீழ்முந்திரியும் கரை மீறும்.
அங்கே நின்று பார்க்கிறவளுக்கு அதுவே முழுசு.
உருமாற்றம் போட்டு அளவை நேர் செய்தபின்
மிச்சம் ஒரு கோணம்தான்:
வட்டத்தை இருபத்துநாலாய் வெட்டியதில்
எந்தத் துண்டு என்பது.

அதைத்தான் போன வருஷம் கட்டுரையில் விட்டிருந்தேன்.
அளவெல்லாம் சரி.
கோணம் எழுதாததால் கூட்டல் கவிழ்ந்து
பன்னிரண்டு பக்கமும் திரும்பி வந்தது.

பேனாவைத் திறந்தவள் மூடினேன்.
"எத்தனை மணிக்கு?"
"என்னது?"
"அந்த நாலரை நிமிஷம். எத்தனை மணிக்கு?"

மைதீன்பிச்சை தாளைத் திருப்பினார், முன்னும் பின்னும்.
நாலு எல்லையும் இருந்தது,
வடக்கு வரப்பில் நிற்கும் ரெண்டு புளியும் இருந்தது,
மணி இல்லை.
அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
மும்முனைக் கரண்ட் பகலில் வருவது ஆறு மணி நேரம்;
அது மூன்று அண்ணன்மாருக்கே பத்தாது.

உள்ளேயிருந்து பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.
எங்களுடையது பதினேழு.
யாரும் எழுந்திருக்கவில்லை.