ஏழாவது கேள்வி

பரீட்சைக்கு ஒன்பது நாள்.
கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பள்ளி விட்ட நேரத்திலிருந்து
மூச்சு விடவில்லை என் மெஷின்.
தரம் எட்டு, கணிதம், மாகாணப் பொதுத் தாள்,
போன வருடத்தது, அதற்கு முந்தியது.
டோனர் மணமும் வேர்த்த சீருடை மணமும் கலந்து நிற்க
"அக்கா, எனக்கு மூணு செற்."
"றாத்தா, எனக்கிட்ட பத்து ரூபாதான் இரிக்கி."
நாளைக்குத் தா, போ.

மூன்றாம் நாள் ஷிம்லான் வந்தான்,
கூடவே பாண்டிருப்பிலிருந்து டிலுக்ஷிகா.
பள்ளிக்கூடம் வேறு, டியூசன் ஒன்று.
கவுண்டரில் தாளைப் போட்டார்கள்.
ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்திலும்
இத்தனை சென்ரிமீற்றர் கூட.
சுற்றளவு நாற்பத்தாறு. அகலம் யாது?
அந்த 'இத்தனை' இருந்த இடத்தில்
மூன்று போலவும் எட்டுப் போலவும் ஒன்று.

"மூணு. அகலம் பத்து" என்றான்.
"விடை முழுசா வந்தாத்தான் சரி."
"எட்டு" என்றாள். "ஏழரை.
தசமம் வராதெண்டு சேர் எப்ப சொன்னவர்?"

மூலத் தாளை எடுத்தேன்.
மூன்று. சுத்தமான மூன்று.
மெஷின் மூடியைத் தூக்கினேன்.
கண்ணாடியில் ஓர் எறும்பு,
நசுங்கி, காய்ந்து, கால்களை மடக்கி,
மூன்றின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"அப்ப என்ர பிழையா?"
ஊதாப் பேனையால் அரைப் பக்கம் செய்திருந்தாள்.
கல்குலேற்றரை இழுத்தேன்.
ஏழரையும் பதினைந்தரையும் இருபத்து மூன்று.
இரண்டு மடங்கு நாற்பத்தாறு.
பிழை இல்லை, புள்ள.
எறும்பின் கணக்கை
நீ சரியாகச் செய்திருக்கிறாய்.

அவர்கள் போய்,
கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் வயிறு கலங்கியது.
இந்த வாரம் இதன் மேல்
யார் யாரைக் கவிழ்த்து வைத்தேன்?
பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும விண்ணப்பம்,
மருதமுனையார் ஒருவரின் வள்ளப் பதிவு,
கச்சேரிக்குப் போகவென்று ஒரு காணிப் பேர்மிற்.
இடது ஓரம், முக்கால்வாசி கீழே,
எங்கே ஒரு மூன்று நின்றதோ
அங்கிருந்து ஒரு எட்டு புறப்பட்டுப் போயிருக்கும்.
பெயர்களை எழுதப் பார்த்தேன்.
ஐந்துக்கு மேல் வரவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பழுதான தாள் ஒன்றைப் புரட்டிப் போட்டேன்.
எக்ஸ் என்றால் என்னவென்று
ஓ.எல்லில் இரண்டு தரம் கேட்டார்கள் என்னிடம்.
இரண்டு தரமும் டபிள்யூ போட்டு அனுப்பினார்கள்.
இப்போது கேட்க யாருமில்லை.
எறும்பு கிடந்த இடத்தில்
ஐந்தை வைத்தேன், ஒன்பது வந்தது.
ஏழை வைத்தேன், எட்டு.
ஒன்றுக்குப் பதினொன்று.
இரண்டுக்குப் பத்தரை.
ஒற்றை வைத்தால் முழுசு, இரட்டை வைத்தால் அரை.
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை!
தனியே இருந்து சிரித்தேன்.
தெருவில் போன ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார்.
இருபத்து மூன்றை வைத்தேன்.
அகலம் பூச்சியம்.
செவ்வகம் படுத்துக் கோடாகிவிட்டது.
இருபத்து நாலை வைக்கப்
பயமாக இருந்தது.

காலையில் வாசலில் பேர்மிற்காரர்,
கையில் என் கடைக் கொப்பி.
முகத்தைப் பார்க்கவில்லை.
இடது ஓரம், முக்கால்வாசி கீழே,
எட்டு.
"மூலம் இருக்கா காக்கா?"
பொலித்தீன் உறைக்குள்ளிருந்து மெதுவாக எடுத்தார்.
அதிலும் எட்டு.
இன்னும் இரண்டு கொப்பி வேண்டுமாம்.
கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.
அவருக்குப் பின்னால் வெள்ளைச் சீருடைகள்
வரிசையாகத் தொடங்கியிருந்தன.